சங்கின் மேல் ஏறிய யானை

எரிமலை உடனே கிடைத்துவிட்டது. நெருப்பும் கிடைத்தது. அந்த நெருப்புக் குழம்பு மெல்ல ஆறிக் கல்லாகிறது என்பதை போனிலிருக்கும் எந்தப் பொம்மையை வைத்துச் சொல்வது என்பதில்தான் பேராசிரியர் மாட்டிக்கொண்டார். போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஐஸ்கிரீம், குடை, பனிமனிதன் என்று வரிசையாகத் தள்ளிவிட்டு, கடைசியில் பென்குயினைத் தேர்ந்தெடுத்தார். எரிமலை, நெருப்பு, பென்குயின், கல்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "பென்குயின் எதுக்குங்க?" என்றாள்.

"ஆறிப்போகுது. குளிர்ச்சி."

"எனக்கென்னவோ பென்குயினைச் சுட்டுட்டாங்கன்னு தோணுது."

பேராசிரியர் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, வேண்டாதவரின் வீட்டு மணியை அழுத்தியவர் போல விரலை உடனே எடுத்துக்கொண்டார்.

அவர் பல்கலைக்கழகத்தில் பாறையியல் எடுப்பவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. பாடத்தை ஒட்டிய பெயர்தானே என்று பொறுத்துக்கொண்டிருந்தார். தரைத்தளத்தின் கோடியில் அவருடைய கல் அறை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மலை, குவாரி, ஆற்றங்கரை என்று அலைந்து தூக்கிவந்த கற்கள் கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக இருந்தன. தேனிலவுக்குப் போன இடத்திலிருந்து மனைவியின் பெட்டியில் அவளுக்குத் தெரியாமல் வைத்துக் கொண்டுவந்த கல்லும் அதில் ஒன்று. பெட்டியின் கைப்பிடி அறுந்த காரணம் அவளுக்கு இன்று வரை தெரியாது.

துறைத் தலைவருக்கு அந்த அறையின் மேல் ஒரு கண். இவரைவிட வயதில் இளையவர். எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசத் தொடங்கியிருந்தார். கல் அறையைக் காலி செய்து, குட்டி வீடியோ எடுக்கும் அறையாக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

"இப்போ இருக்கிற பசங்க மூணு வரிக்கு மேல படிக்க மாட்டாங்க சார். படமாச் சொல்லணும், எமோஜியாச் சொல்லணும். நீங்க ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா அது முடியறதுக்குள்ள மணி அடிச்சிடுது."

அடுத்த பருவத்தில் பாறையியலின் இரண்டாம் பகுதி விருப்பப் பாடம். இருபது பேராவது சேர்ந்தால் பாடமும் இருக்கும், அறையும் இருக்கும். சேராவிட்டால் கற்கள் மாடிப்படிக்குக் கீழே போகும், பேராசிரியர் தேர்வுப் பிரிவுக்குப் போவார். போன வருடம் சேர்ந்தவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் தவறான கட்டத்தில் டிக் போட்டவர்கள்.

அறையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த வயதில் பென்குயினோடு மல்லுக்கட்டத் துணிந்தார். வகுப்பில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, எல்லோரும் போன் நம்பர் எழுதுங்கள், குரூப் தொடங்கப்போகிறேன் என்றார். தாள் கடைசி வரிசைக்குப் போனதும் அங்கே ஒரு குசுகுசுப்பு கிளம்பியது. பிறகு தாள் மறுபடி முன்வரிசைக்கு வந்தது, பல இடங்களில் அடித்தல் திருத்தல்களோடு பேராசிரியரிடம் வந்து சேர்ந்தது. சொந்த நம்பரைக்கூடத் தப்பில்லாமல் எழுதத் தெரியாத தலைமுறை என்று அவர் மனதுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டார்.

பென்குயினை அனுப்பிய மறுநாள் விடியும் முன்பே போன் துள்ளத் தொடங்கியது. அவர் பதறிப்போய் எடுத்துப் பார்த்தார். கும்பிட்ட கைகள், ரோஜாப்பூ, உதிக்கும் சூரியன், சூரியனுக்கு முன்னால் ஒரு டீ கோப்பை, அதன் மேல் ‘இந்த நாள் இனிய நாளாகட்டும்’. நாற்பது பேரும் பதில் போட்டிருந்தார்கள். வட்டமான குட்டிப் படங்களில் அவருடைய மாணவர்களின் முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. சிலர் தாங்கள் பல் முளைக்காத வயதில் எடுத்த படத்தையே வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் நாள் இனிதாகட்டும் என்று சொன்னதில்லை. காலைச் சாப்பாட்டின்போது போனை மகளிடம் நீட்டினார். மகள் வேறொரு கல்லூரியில் கட்டடக்கலை படிக்கிறாள். இந்த உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற வயது.

அவள் படித்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"அப்பா, இது கிண்டல்ப்பா."

"கும்பிட்டிருக்காங்களே."

"எங்க வயசுல யாராவது ரோஜாப்பூ அனுப்புவாங்களா? பெரியவங்க மாதிரி அனுப்பி உங்களை ஓட்டறாங்க."

"அஞ்சரை மணிக்கு எழுந்து அனுப்பியிருக்காங்களே."

"எழுந்து அனுப்பலை. இன்னும் தூங்கப் போகலை."

ஒரு நம்பர் மட்டும் கும்பிட்ட கைக்குப் பக்கத்தில் ஒரு பஸ் போட்டிருந்தது. இன்னொன்று ரோஜாவுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல். அதற்கும் மகளிடம் விளக்கம் தயாராக இருந்தது. பஸ் என்றால் கிளம்புங்கள் என்று அர்த்தம். கத்தரிக்கோல் என்றால் அறுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பேராசிரியர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார். அன்று வகுப்பில் நுழைந்ததும், பென்குயின் எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்ததா என்று கேட்டார். வகுப்பு திருதிருவென்று விழித்தது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, நாற்பது தலையும் ஒன்றாக மேலும் கீழும் ஆடியது. அந்த ஒற்றுமையைப் பார்த்ததும் மகள் சொன்னது சரிதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

கிண்டல் செய்பவர்களை அவர்கள் பாஷையிலேயே மடக்க வேண்டும் என்பது மகளின் ஆலோசனை. இப்போதெல்லாம் யாரும் சிரிக்கிற முகம் போடுவதில்லையாம். மண்டையோடு போடுவதுதான் வழக்கமாம். சிரித்துச் சிரித்துச் செத்துவிட்டேன் என்று பொருளாம். பேராசிரியர் அன்று மாலை படிவுப் பாறையைப் பற்றிய பாடத்தைத் தயாரித்தார். மழை, ஆறு, மணல், மணலுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மீன், பிறகு அடுக்கடுக்காய் ஒரு கேக். இது நகைச்சுவை என்று எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று கடைசியில் ஐந்து மண்டையோடுகளைச் சேர்த்து அனுப்பினார்.

காலையில் குரூப் முழுக்க மெழுகுவத்தி. வெள்ளைப் பூக்கள். கண்ணீர் விடும் முகங்கள். ஒருவர் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று எழுதியிருந்தார். பஸ் நம்பர், ‘ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க சார், வண்டி இருக்கு’ என்று போட்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மகள். "ரொம்ப ஓவராப் போறாங்க."

வகுப்பில் வழக்கத்துக்கு மாறான அமைதி. வகுப்புத் தலைவி எழுந்து நின்றாள். எப்போதும் நடுவரிசையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண். தைரியமா இருங்க சார், என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. நேருக்கு நேர் நின்றுகொண்டு இப்படி நடிக்க எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும் என்று நினைத்தார். அன்று முழுவதும் அவர் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினார்.

கிண்டலுக்கு முற்றுப்புள்ளி வைக்கத் தீர்மானித்து, ரோஜாப்பூ, பக்கத்தில் சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு, மெழுகுவத்தி, அதற்கும் ஒரு குறுக்குக் கோடு என்று அனுப்பினார். பூ வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம். சொல்லிவைத்தது போலப் பூக்கள் நின்றன. நாற்பது கட்டைவிரல்கள் வந்தன.

"அப்பாடா, அடங்கிட்டாங்க," என்றார்.

மகள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டைவிரலா? பூவே பரவாயில்லைப்பா. இதுக்கு, சரி வாயை மூடுன்னு அர்த்தம்."

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. நீ விளக்கம் சொல்லச் சொல்ல உங்கப்பா இளைச்சுக்கிட்டே வர்றார், அவர் பாடத்தை அவர் நடத்தட்டும், நீ உன் பாடத்தைப் படி என்று மகளை விரட்டினாள். பேராசிரியருக்கும் அது சரியென்று பட்டது. யார் கிண்டல் செய்தால் என்ன, தனக்குத் தெரிந்தது கல். கல் அறைக்குப் போய் ஒரு கருங்கல் துண்டை எடுத்து மேசையில் வைத்துப் படம் பிடித்தார். இது என்ன கல், உங்கள் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று கேள்விக்குறியோடு அனுப்பினார்.

விடிவதற்குள் பதில்கள் குவிந்தன. பெரும்பாலானவை சரி. வெறும் சரி மட்டுமல்ல, படத்தோடு சரி. பஸ் நம்பர் ஒரு பெரிய டயருக்குப் பக்கத்தில் கிடந்த கருங்கல்லைப் படமெடுத்து அனுப்பியிருந்தது. கத்தரிக்கோல் நம்பர் ஒரு கல்லைப் பூப்போட்ட துணியின் மேல் வைத்து, அதன் அருகே இஞ்சு டேப்பை நீட்டிப் படம் எடுத்திருந்தது. பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவு வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வருடமும் தொண்டை வறளச் சொல்லியும் ஒருவரும் செய்ததில்லை. பேராசிரியர் அந்தப் படத்தை மனைவியிடம் காட்டினார், பால் கொண்டுவந்தவரிடம் காட்டினார், அடுத்த வீட்டுக்காரரின் கதவைத் தட்டியும் காட்டினார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கல். குரூப்பில் விவாதம் தூள் பறந்தது. மணற்கல்லா, சுண்ணாம்புக்கல்லா என்று பஸ் நம்பரும் கத்தரிக்கோல் நம்பரும் ஒருநாள் சண்டையே போட்டுக்கொண்டார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும் என்று அவர் சொல்ல, பல வீடுகளிலிருந்து நுரைக்கும் கற்களின் படங்கள் வந்தன. அவர் பென்குயினை வைத்துப் பட்ட அவமானமெல்லாம் மறந்துபோனது. சந்தோஷமாக இருந்தார். தன் வாழ்நாளின் சிறந்த வகுப்பு இதுதான் என்று மனைவியிடம் சொன்னார்.

வகுப்பறைதான் புதிராக இருந்தது. முந்தைய நாள் போனில் பொறிபறக்க வாதாடியவர்கள், நேரில் சுண்ணாம்புக்கல்லைக் கையில் கொடுத்தால் தரையைத் துடைக்கிற துணியை வாங்குவது போல வாங்கினார்கள். போனில் புலி, நேரில் பூனை. கூச்ச சுபாவம், பாவம் என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

அப்போதுதான் துறைத் தலைவர், வகுப்பை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். விருப்பப் பாடப் பதிவுக்கு முன்பு தீர்மானித்துவிட வேண்டுமாம். பேராசிரியர் அசரவில்லை. இந்த வகுப்பைப் பார்த்தால் அந்த மனிதர் கையாட்டுவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தார். முதல் நாள் மாலையே உருமாறிய பாறைக்கான பாடத்தை அனுப்பி வைத்தார். சங்கும் சிப்பியும் கடலடியில் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகின்றன. அது பூமிக்கு ஆழத்தில் போய் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கினால் வேறொன்றாகிறது. அழுத்தத்துக்குத் தோதான பொம்மை கிடைக்காமல் யானையைப் போட்டார். சங்கு, சங்கின் மேல் யானை, சுற்றிலும் நெருப்பு, அப்புறம் ஒரு பெரிய கேள்விக்குறி. ‘யானை ஏறிய சங்கு என்ன ஆகும்? யோசித்து வையுங்கள். விடை நாளைக்கு.’

துறைத் தலைவர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். பேராசிரியர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, உற்சாகமாகக் கேட்டார்.

"சொல்லுங்க பார்ப்போம். சங்கு மேல யானை ஏறினா என்ன ஆகும்?"

வகுப்பு யோசித்தது. துறைத் தலைவரும் யோசித்தார். இந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் முன்வரிசையில் ஒரு பையன், வாத்தியாருக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு எழுந்தான்.

"நொறுங்கிடும் சார்."

"நேத்து அனுப்பினேனேப்பா. யானை. நெருப்பு."

"யானைக்கும் சுடும் சார்," என்றாள் வகுப்புத் தலைவி.

துறைத் தலைவர் மெல்ல எழுந்து வெளியே போனார். தாழ்வாரத்தில் காத்திருந்து, பேராசிரியர் வந்ததும் தோளில் கை வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நீங்கள் முயற்சி செய்ததே பெரிய விஷயம் என்றார். பதிவு முடிந்த மறுநாள் அலமாரிகளை எடுக்க ஆள் வரச் சொல்லிவிடுவதாகவும், எந்தெந்தக் கல்லை வீட்டுக்கு எடுத்துப்போக விருப்பமோ அதைத் தனியாக வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

அன்று மாலை பேராசிரியர் கல் அறையில் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினார். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. தேனிலவுக் கல்லை மட்டும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு அழுகை வந்தது. எதற்கு என்று சரியாகச் சொல்ல வேண்டுமானால், அறைக்காகக்கூட இல்லை. அத்தனை ஆசையாகப் பேசிக்கொண்டிருந்த குரூப், உண்மையிலேயே கிண்டல்தான் போலிருக்கிறதே என்றுதான். போனை எடுத்து மூன்று பொம்மைகளை மட்டும் அனுப்பினார். கல், பூட்டு, அழுகிற முகம். கீழே ஒரே ஒரு வரி: ‘அடுத்த பருவத்தில் இருபது பேர் சேராவிட்டால் பாறைப் பாடம் இத்தோடு நிறுத்தப்படும். இதுவரை படித்ததற்கு நன்றி.’

முதல் முறையாகக் குரூப்பிலிருந்து பதிலே வரவில்லை. ஒரு கட்டைவிரல்கூட இல்லை. காலையிலும் சூரியன் உதிக்கவில்லை, டீ கோப்பையும் வரவில்லை.

பதிவு நாளன்று அவர் தாமதமாகத்தான் போனார். அலுவலகக் கதவருகே தாழ்வாரம் முழுக்கக் கூட்டம். ஏதோ தேர்வு முடிவு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நடந்தவரைத் துறைத் தலைவர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அவருடைய வகுப்பு முழுவதும் வரிசையில் நின்றது. நாற்பது பேரும். எல்லோரும் பாறையியல் இரண்டாம் பகுதி.

ஊசி போட்டுக்கொள்ள நிற்பவர்களைப் போலத்தான் நின்றார்கள். யானைக்கும் சுடும் என்ற வகுப்புத் தலைவியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. முன்வரிசைப் பையன் கட்டத்தில் டிக் போட்டு, அதைப் போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு, ‘போட்டாச்சு, இப்ப சந்தோஷமா?’ என்று போனுக்குள் முணுமுணுத்துக்கொண்டு போனான். பேராசிரியரின் கண்ணுக்கு இதெல்லாம் உணர்ச்சிப் பெருக்காகத்தான் தெரிந்தது. ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். கைகள் பிணம் மாதிரிக் குளிர்ந்திருந்தன.

துறைத் தலைவர் கல் அறையைத் தொடுவதாக இல்லை என்று அங்கேயே சொன்னார். அதோடு நிற்காமல், இளைஞர்களின் மனதைப் படங்களால் எப்படிப் பிடிப்பது என்று அடுத்த வாரம் எல்லா ஆசிரியர்களுக்கும் பேராசிரியர்தான் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பேராசிரியர் சற்று யோசிப்பது போல் நடித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

கல் அறைக்குத் திரும்பி, தேனிலவுக் கல்லைக் கைக்குட்டையிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். மகளுக்குப் போன் போட்டு, உனக்கு உன் வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவள் பதிலுக்குக் காத்திராமல் வைத்தார். பிறகு பேச்சுக்கான குறிப்புகளை எழுத உட்கார்ந்தார். ‘இன்றைய மாணவனின் இதயத்துக்கு ஒரு பென்குயின் போதும்’ என்று முதல் வரி எழுதியபோது கதவு தட்டப்பட்டது.

பேருந்து ஓட்டுநரின் சீருடையில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் கழுத்தில் இஞ்சு டேப் தொங்க ஓர் அம்மா. தையல் இயந்திரத்திலிருந்து அப்படியே எழுந்து வந்தவர் போலப் புடவையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் இன்னும் பத்துப் பதினைந்து பேர், எல்லோருக்கும் நடுத்தர வயதுக்கு மேல், எல்லோர் கையிலும் போன். முகங்களில் மாணவர்களின் சாயல். பெற்றோர்கள். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டதாகச் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பேராசிரியர் அவசரமாக நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"உட்காருங்க," என்றார். உட்கார அங்கே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை. வந்தவர்கள் அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார்கள். தையல்கார அம்மா ஒரு கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து, இது மணற்கல், நான் அன்னைக்கே சொன்னேனே என்று ஓட்டுநரிடம் மெதுவாகச் சொன்னார்.

ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பேராசிரியரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பசங்களைத் திட்டாதீங்க சார், நீங்க நம்பர் கேட்டதுக்கு அத்தனை பேரும் அவங்க நம்பருக்குப் பதிலா அப்பா அம்மா நம்பரைக் குடுத்துட்டாங்க. பாடம் நின்னுடக் கூடாதேன்னு நாங்கதான் அவங்களை மிரட்டிச் சேர்த்துவிட்டோம். அதை விடுங்க, யானை ஏறின சங்கு கடைசியில என்னதான் ஆச்சு?"